வான்வெளியைப் பகிரும் போர் விமானங்கள், ட்ரோன்கள்: பயணிகள் விமானங்களின் பாதுகாப்பு எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது?

இந்திய வான்வெளியைப் பயணிகள் விமானங்களும் ராணுவ விமானங்களும் ட்ரோன்களும் பகிர்ந்துகொள்கின்றன. பகுதி, உயரம், நேரம் ஆகியவற்றின் அடிப்படையில் அவை ஒன்றையொன்று நெருங்காமல் பிரிக்கப்படுகின்றன.

சர்கி தாத்ரி தந்த பாடம்

1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும் அங்கு தரையிறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியாணாவின் சர்கி தாத்ரி அருகே நடுவானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் உயிரிழந்தனர். கஜகஸ்தான் விமானம் தனக்கு ஒதுக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அப்போது தில்லியைச் சுற்றிய வான்வெளியின் பெரும்பகுதி விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால், வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே வழித்தடமே இருந்தது. விபத்துக்குப் பின்னர் இவ்விரண்டுக்கும் தனித்தனி வழித்தடங்கள் அமைக்கப்பட்டன. விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாக்கப்பட்டது.

நெகிழ்வான பயன்பாடு

ராணுவத்துக்கு ஒதுக்கப்பட்ட வான்வெளியை, அது பயன்படுத்தாத நேரங்களில் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடுவதே 'நெகிழ்வான வான்வெளிப் பயன்பாடு' எனப்படுகிறது. நாட்டின் வான்வெளியில் 60 சதவீதம் மட்டுமே தடையின்றிக் கிடைப்பதாகவும், கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் ரூ.1,000 கோடி பயன் கிடைக்கும் என்றும் 2020 மே மாதம் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தெரிவித்தார்.

புணே, ஸ்ரீநகர் ஆகியவை விமானப்படைத் தளங்கள்; கோவாவின் டபோலிம், விசாகப்பட்டினம் ஆகியவை கடற்படைத் தளங்கள். இங்கெல்லாம் பயணிகள் விமானங்களையும் ராணுவக் கட்டுப்பாட்டாளர்களே வழிநடத்துகின்றனர்.

போர்ப் பதற்றம் எழும்போது பாதுகாப்புக்கே முன்னுரிமை அளிக்கப்படுகிறது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் நிலவியபோது வடக்கு, மேற்கு மாநிலங்களில் 32 விமான நிலையங்கள் பயணிகள் சேவைக்குத் தற்காலிகமாக மூடப்பட்டு, மே 12-ஆம் தேதி மீண்டும் திறக்கப்பட்டன.

ட்ரோன்களால் புதிய சவால்

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்களாகப் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையிலான பகுதியில் இந்த வரம்பு 200 அடியாகும். மஞ்சள் மண்டலத்தில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியும் கட்டாயம்.

விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி, எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் சமிக்ஞையைக் கொண்டே அதனை அடையாளம் காண்கிறது. சிறிய ட்ரோன்களில் பெரும்பாலும் இக்கருவி இருப்பதில்லை. எனவே, விதியை மீறிப் பறக்கும் ட்ரோன் குறித்து விமானிக்கு அக்கருவி எச்சரிக்கை விடுக்க இயலாது. மண்டல வரம்புகளை ட்ரோன் இயக்குவோர் கடைப்பிடிப்பதே இங்கு முதல் பாதுகாப்பாக உள்ளது.