டாஸ்க் அப்டேட்டுக்கு ஒரு கையேடு பிறந்த கதை

ஒரு வேலைப் பட்டியல். அதில் மூன்றாவது வரியின் எதிரே 'நிலுவை' என்று இருப்பதை 'முடிந்தது' என்று மாற்ற வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த யாரும் பத்துப் பதினைந்து வரியில் செய்துவிடக்கூடிய காரியம்தான் இது. ஆனால் அதே கருவியை ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுக்கும்போது கூடவே ஒரு குறிப்பையும் எழுதித் தர வேண்டியிருக்கிறது. கருவியை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கக் கூடாது, எந்த வேலையை முடிந்ததாகக் கணக்கில் வைக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் நிரலெழுதும் ஏஜென்ட்டான கிளாட் கோடில் உள்ள 'டாஸ்க்அப்டேட்' கருவியோடு வரும் குறிப்பு இந்த வகை. கருவியைவிட இந்தக் குறிப்புக்குத்தான் கூடுதல் சிந்தனை தேவைப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

கதை 2022 அக்டோபரில் தொடங்குகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஷுன்யு யாவும் கூகுள் ஆய்வாளர்களும் சேர்ந்து 'ரியாக்ட்' என்ற ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். மொழி மாடல் கொஞ்சம் யோசிக்கும், ஒரு செயலைச் செய்யும், விளைவைப் பார்க்கும், மறுபடி யோசிக்கும். ஏஜென்ட்டுகள் இன்றும் இந்தச் சுற்றில்தான் ஓடுகின்றன. எந்தக் கருவியை எப்படிக் கையாள்வது என்பதை அன்று ப்ராம்ப்ட்டில் சில மாதிரிகளைக் காட்டிப் புரியவைத்தார்கள். குறிப்புக்கென்று தனி இடம் அமைந்தது 2023 ஜூனில், ஓப்பன்ஏஐ 'ஃபங்ஷன் காலிங்' வசதியைக் கொண்டுவந்தபோது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், தர வேண்டிய விவரங்களின் அமைப்பு. மாடலையும் வெளிக் கருவிகளையும் இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையும் இந்த ஏற்பாட்டையே பின்பற்றியது. பொதுவாகக் கருவிக்குள் இருக்கும் நிரல் மாடலின் கண்ணில் படுவதில்லை. விளக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை வைத்தே அது கருவியை அறிகிறது.

வேலைப் பட்டியல் வேறொரு வழியாக வந்து சேர்ந்தது. யோஹெய் நகாஜிமா என்ற முதலீட்டாளர் 2023-இன் முற்பகுதியில் 'பேபிஏஜிஐ' என்ற சிறிய நிரலை எழுதிப் பொதுவில் வைத்தார். பட்டியலில் முதலில் உள்ள வேலையை எடுத்துச் செய்வது, கிடைத்த விடையை வைத்துப் புதிய வேலைகளை உண்டாக்குவது, பட்டியலை முக்கியத்துவப்படி அடுக்குவது. இந்த மூன்றும் மாறி மாறி நடந்தன. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் அந்தச் சுற்று நிற்காமல் ஓடக்கூடியது. செலவு ஏறலாம், பொறுப்போடு பயன்படுத்துங்கள் என்று அதன் அறிமுகக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருந்தது. செய்தது உருப்படியாக முடிந்ததா என்று நின்று பார்க்கும் கட்டம் அந்தச் சுற்றில் இல்லை. விடை என்று ஒன்று வந்துவிட்டால் வேலை பட்டியலிலிருந்து இறங்கிவிடும்.

2024 மே மாதம் பிரின்ஸ்டன் குழு ஒன்று 'எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்' ஆய்வை வெளியிட்டது. மனிதருக்காகத் திரையையும் பொத்தானையும் யோசித்து அமைப்பதுபோல மாடலுக்கான கருவிகளையும் அதற்கென்றே யோசித்து அமைக்க வேண்டும், அமைத்தால் மாடலை மாற்றாமலேயே வேலை மேம்படும் என்று அது காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் தங்கள் அனுபவம் ஒன்றை எழுதினார்கள். ஏஜென்ட் வேறு கோப்புறைக்கு நகர்ந்த பிறகு, கோப்பின் பாதையைச் சுருக்கித் தந்து தடுமாறிக்கொண்டிருந்தது. எப்போதும் முழுப் பாதையைத்தான் தர வேண்டும் என்று கருவியை மாற்றினார்கள், தடுமாற்றம் தீர்ந்தது. ப்ராம்ப்ட்டைவிடக் கருவிகளைச் சீராக்கவே அதிக நேரம் செலவிட்டதாகவும் சொன்னார்கள். கருவிக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டிய பகுதி அது.

2025-இல் வந்த கிளாட் கோடில் 'டூடூரைட்' என்ற கருவி இருந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட படிகள் உள்ள வேலைக்குப் பட்டியல் போட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரே வேலைதான் 'நடப்பில்' இருக்கலாம் என்றெல்லாம் அதன் குறிப்பு எடுத்துக்காட்டுகளோடு சொன்னது. சிறு மாற்றத்துக்கும் முழுப் பட்டியலையும் திரும்ப எழுத வேண்டும் என்பது அதன் அமைப்பு. ஒரே ஏஜென்ட் இருக்கும்வரை அது பிரச்சினை இல்லை. பல ஏஜென்ட்டுகள் ஒரே பட்டியலைப் பகிர்ந்தால் ஒன்று எழுதியதை இன்னொன்று அறியாமல் அழித்துவிடும்; தரவுத்தளம் கட்டியவர்கள் பல காலமாகப் போராடிவரும் சிக்கல் இது.

2026 ஜனவரியில் அந்த ஒற்றைக் கருவியின் இடத்தில் நான்கு வந்தன: வேலையை உருவாக்க, பார்க்க, பட்டியலிட, புதுப்பிக்க. புதுப்பிக்கும் கருவிதான் டாஸ்க்அப்டேட்; அது ஒரு வேலையை அதன் எண்ணால் மட்டும் தொடுகிறது. அந்த வேலை யார் பொறுப்பில் இருக்கிறது, எந்த வேலை முடிந்தால் இதைத் தொடங்கலாம் என்பதையும் பதிக்கலாம். மாற்றுமுன் அந்த வேலையின் தற்போதைய நிலையைப் படித்துக்கொள் என்று குறிப்பு கேட்டுக்கொள்கிறது. இடையில் வேறொருவர் மாற்றியிருக்கலாமே. வேலை நடக்கும்போது மனிதரின் திரையில் தெரிவதற்கென்று தனியாக ஒரு சொற்றொடருக்கும் இடம் உண்டு. காத்திருப்பவரை மறக்காத அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் குறிப்பின் உயிர்ப் பகுதி, 'முடிந்தது' என்று எழுதுவதற்கான நிபந்தனைகள். முழுதாகச் செய்திருந்தால் மட்டுமே அப்படிக் குறிக்கலாம். டெஸ்ட்டுகள் தோற்றுக்கொண்டிருந்தால் கூடாது. பாதிதான் எழுதியிருந்தால் கூடாது. தீராத பிழை இருந்தால் கூடாது. தேவையான கோப்பு கிடைக்கவில்லை என்றாலும் கூடாது. மாடல்களுக்கு முடித்துவிட்டதாகச் சொல்லும் சாய்வு உண்டு. தோற்ற டெஸ்ட்டை ஒதுக்கிவிட்டு எல்லாம் சரி என்று தெரிவிக்கும் ஏஜென்ட்டைப் பயன்படுத்திய யாருக்கும் இந்த வரிகள் ஏன் வந்தன என்று விளக்க வேண்டியதில்லை. பட்டியலை நம்பி அடுத்த வேலையை எடுக்கும் இன்னோர் ஏஜென்ட் பொய்யான ஒரு பதிவின்மேல் கட்டத் தொடங்கிவிடும். நான்கு தடைகளில் ஒன்று விடுபட்டாலும் சேதம் அங்கிருந்துதான் புகும்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி உண்டு: வேலையை 'நடப்பில்' என்றே விட்டுவிட்டு, தடை எதுவோ அதைத் தீர்ப்பதற்குப் புதிய வேலை ஒன்றைச் சேர்க்க வேண்டும். வேலை உண்மையிலேயே முடிந்திருந்தால் பட்டியலை மறுபடி பார்த்து, யாரும் எடுக்காத, எதற்கும் காத்திருக்காத வேலைகளில் எண் சிறியதாக உள்ளதை முதலில் எடுக்க வேண்டும். முந்தைய வேலைகள் பிந்தையவற்றுக்குத் தேவையான பின்னணியைப் பெரும்பாலும் தந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.