கொடுத்த மரம் மகிழ்ந்ததா? படக்கதைகளில் பரிவும் மகிழ்ச்சியும்

கதை முடிந்ததும் ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கேட்பது நம் வகுப்பறைகளில் ஊறிப்போன வழக்கம். சிறு குழந்தைகளுக்கான படக்கதைப் புத்தகங்களையும் நாம் பெரும்பாலும் அதே மனநிலையோடுதான் திறக்கிறோம். பரிவோடு நடந்தால் மகிழ்ச்சி வரும். அதைக் குழந்தை மனத்தில் பதியவைத்தால் வாசிப்பின் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். ஆனால் பரிவுக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள உறவு குழந்தையே ஆராய்ந்து பார்க்க வேண்டிய ஒன்று. அதற்கு நீதி தெளிவாக விளங்கும் கதையைவிட, நீதி இடறும் கதையே பெரிதும் உதவும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மார்கஸ் ஃபிஸ்டரின் ‘வானவில் மீன்’ 1992இல் சுவிட்சர்லாந்தில் வெளிவந்தது. மினுமினுக்கும் செதில்கள் கொண்ட மீனிடம் சின்ன நீல மீன் ஒன்று ஒரே ஒரு செதில் கேட்கிறது. வானவில் மீன் மறுக்கிறது. மற்ற மீன்கள் அதனிடமிருந்து விலகிப்போகின்றன. குகையில் வாழும் ஆக்டோபஸ் செதில்களைப் பங்கிட்டுக் கொடுக்கச் சொல்கிறது. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, எஞ்சிய ஒற்றைச் செதிலோடு மீன் மற்றவற்றுடன் விளையாடப் போகிறது. தன் உடம்பையே பிய்த்துக் கொடுத்து நட்பை வாங்கச் சொல்லும் கதை என்று இதைச் சாடுவோர் உண்டு. அந்தச் சாடலில் உண்மை இருக்கிறது. அதற்காக நூலை ஒதுக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

படத்தைப் பாருங்கள். செதில்கள் பளபளக்கும் தகடு பதித்து அச்சிடப்பட்டவை. பக்கத்தைச் சற்றுச் சாய்த்தால் நிறம் மாறும். குழந்தையின் விரல் தேடிப்போவது அங்கேதான். அப்படித் தடவிப் பார்த்த குழந்தைக்கு நீல மீன் ஏன் கேட்டது என்பதும் விளங்கும், வானவில் மீன் ஏன் மறுத்தது என்பதும் விளங்கும். சொற்கள் கொடுப்பதன் பக்கம் சாய்கின்றன. படமோ இரு தரப்பின் ஆசையையும் காட்டிவிடுகிறது. பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் இதுவே. கொடுக்காதவரை ஒதுக்கிவைத்த மீன்கள் பரிவோடு நடந்தனவா? கொடுத்ததால் மகிழ்ச்சி வந்ததா, கூட்டத்தில் சேர்த்துக்கொண்டதால் வந்ததா?

கொடுப்பது குழந்தைக்கு மகிழ்ச்சி தருமா என்பதை ஆய்வாளர்களும் சோதித்திருக்கிறார்கள். உளவியலாளர்கள் லாரா அக்னினும் கைலி ஹாம்லினும் எலிசபெத் டன்னும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள் தின்பண்டத்தைப் பெறும்போது காட்டிய மகிழ்ச்சியைவிட, ஒரு பொம்மைக்குக் கொடுக்கும்போது கூடுதல் மகிழ்ச்சி காட்டினர். தம் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது அது இன்னும் கூடியது. ஆக, நீதிக்கதை கேட்கும் வயதுக்கு முன்பே கொடுப்பதன் இன்பம் குழந்தைக்கு ஓரளவு தெரிந்திருக்கிறது. கதை பகிர்தலைத் தூண்டுமா என்று பார்க்க, டொரான்டோ ஆய்வாளர்கள் பகிர்தலைப் போதிக்கும் ஒரே கதையை மனிதர்களை வைத்தும் விலங்குகளை வைத்தும் வாசித்துக் காட்டினார்கள். மனிதக் கதை கேட்ட குழந்தைகளே முன்பைவிட அதிகமாக ஸ்டிக்கர்களைப் பகிர்ந்துகொண்டனர். விலங்குக் கதை அந்தப் பலனைத் தரவில்லை. இதை வைத்து விலங்குக் கதைகளை மூட்டை கட்டிவிடக் கூடாது. விலங்குகளுக்கு மனித இயல்புகள் உண்டு என்று கருதிய குழந்தைகள் கூடுதலாகப் பகிர்ந்ததும் அதே ஆய்வில் தெரியவந்தது. நீதி தானாக நடத்தையாகிவிடாது என்றும், கதைக்கும் தன் வாழ்வுக்கும் உள்ள தொடர்பைக் குழந்தை கண்டுகொள்ள உரையாடல் வேண்டும் என்றும் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஷெல் சில்வர்ஸ்டைனின் ‘கொடுக்கும் மரம்’ (1964) இன்னும் கடினமானது. பழம், கிளை, அடிமரம் என எல்லாவற்றையும் சிறுவனுக்குத் தந்த மரம் மகிழ்ந்தது என்று சொல்லிவரும் ஆசிரியர், ஓரிடத்தில் தாமே அதைச் சந்தேகிக்கிறார். கறுப்புக் கோடுகளால் ஆன படங்களில் மரம் பக்கத்துக்குப் பக்கம் குறைந்துகொண்டே போய், கடைசியில் வெட்டுண்ட அடிக்கட்டை மிஞ்சுகிறது; முதியவனான சிறுவன் அதன்மேல் உட்காருகிறான். வாங்கியவன் திருப்பி ஏதும் தந்தானா என்று ஒரு குழந்தை கேட்டால், பரிவுக்கு எல்லை உண்டா என்ற பழைய மெய்யியல் கேள்வியைத்தான் அது தொடுகிறது. குழந்தைகளோடு மெய்யியல் கேள்விகளைப் பேசிப்பார்க்கும் சிறார் மெய்யியல் மரபை மாத்யூ லிப்மன் தொடங்கினார். அம்மரபில் வந்த கரின் மரிஸ், தாமஸ் வார்ட்டன்பர்க் போன்றோர் படக்கதைகளைக் கையாள்வது இத்தகைய கேள்விகளுக்காகத்தான்.

இவ்வளவு சிக்கலை நான்கு வயதுக் குழந்தை தாங்குமா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். பங்கு கேட்டு அழுவது, பிடித்ததை மறைத்துவைப்பது, பிறகு மனமிரங்கிக் கொடுப்பது எல்லாம் அந்த வயதின் அன்றாடம்தான். சிக்கலைக் குழந்தை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: கடைசிப் பக்கம் வந்ததும் நீதியைச் சொல்லிவிடாதீர்கள். எந்தப் படத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று குழந்தையிடம் கேளுங்கள். அது காட்டும் பக்கத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.