ஸ்ரெப்ரோமைசினும் ஆய்வு மாணவர் உழைப்பும்

சயரோகத்துக்கு எதிராகப் பயன்பட்ட முதலாவது நுண்ணுயிர்க்கொல்லியான ஸ்ரெப்ரோமைசின், 1943இல் அமெரிக்காவின் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்திற் கண்டறியப்பட்டது. அதனைப் பிரித்தெடுத்து, நிலக்கீழ் ஆய்வறையிற் சயரோகக் கிருமிகளின்மீது சோதித்தவர், மாதம் 40 டொலர் ஊதியம் பெற்ற கலாநிதிப்பட்ட மாணவர் அல்பேட் ஷற்ஸ். மேயோ மருத்துவமனையின் பெல்ட்மனும் ஹின்ஷோவும் விலங்குகளில் அதன் பயனை நிறுவினர். உழைப்பு இவ்வாறு கூட்டுழைப்பாயிருக்க, காப்புரிமை வருவாயில் ஒரு பங்கு பேராசிரியர் வக்ஸ்மனைச் சேர்ந்தது. ஷற்ஸ் தம் பங்கை விட்டுக்கொடுத்திருந்தார். இதனைத் தனிமனித வஞ்சகமாக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. மண்ணின் நுண்ணுயிர்களை வரன்முறையாக ஆராயும் வழியை வகுத்தவர் வக்ஸ்மனே. எனினும், மாணவப் பயிற்சி என்னும் பெயரில் உழைப்பு உடைமையினின்றும் பிரிக்கப்பட்டமை நோக்கற்பாலது. ஷற்ஸ் 1950இல் வழக்குத் தொடுத்தார்; இணக்கத்தீர்வு அவரையும் கண்டுபிடிப்பாளராக ஏற்றது. ஆயினும் 1952இன் நோபல் பரிசு வக்ஸ்மனுக்கு மட்டுமே கிட்டியது. 1944இன் முதற் கட்டுரையில் இடம்பெற்ற எலிசபெத் பூகியின் பெயரோ காப்புரிமைப் பத்திரத்தில் இல்லை.