விரைவு விநியோக உறுப்புரிமை

விரைவு விநியோக உறுப்புரிமை என்பது, இணையக் கடை ஒன்றில் ஆண்டுக்கோ மாதத்துக்கோ ஒரு முறை சந்தா கட்டிவிட்டு, அக்காலம் முழுவதும் வாங்கும் பொருட்களைத் தனியான அனுப்புகூலி இன்றியும் மற்ற வாடிக்கையாளரை விட விரைவாகவும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். அமேசான் நிறுவனத்தின் பிரைம் திட்டம் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. அடிக்கடி இணையத்தில் வாங்குபவருக்கு இத்தகைய உறுப்புரிமை எப்போதும் இலாபம் என்று பொதுவாகக் கருதப்படுகின்றது. கணக்கிட்டுப் பார்த்தால் இக்கருத்து முழுவதும் சரியன்று. ஆண்டுக்கு அறுபது முறை வாங்கும் இருவரில் ஒருவருக்கு இது இலாபமாகவும் மற்றவருக்கு நட்டமாகவும் அமையக்கூடும். இக்கட்டுரை இந்திய நிலையை, குறிப்பாகப் புதுச்சேரி நகரின் வடபகுதியில் கடலோரமாக அமைந்துள்ள குருசுக்குப்பத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இதனை விளக்குகின்றது.

வரலாறு

கூடுதல் பணம் கட்டினால் பொதி விரைவாகச் சேரும் என்பது பழைய வழக்கமே. இந்திய அஞ்சல் துறை 1986 ஆகஸ்டு 1 அன்று தொடங்கிய ஸ்பீட் போஸ்ட் சேவை அவ்வகையைச் சார்ந்தது. ஆனால் அதில் ஒவ்வொரு பொதிக்கும் எடையையும் தொலைவையும் பொறுத்துத் தனித்தனியே பணம் கட்ட வேண்டும். ஒரு முறை கட்டிவிட்டு வரம்பின்றி அனுப்பப் பெறுவது இணையக் கடைகளின் வருகைக்குப் பின்னரே பரவியது.

அமேசான் 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில், 99 டாலருக்கு மேல் வாங்கிச் சில நாட்கள் காத்திருக்க இசைபவர்களுக்கு அனுப்புகூலியைத் தள்ளுபடி செய்தது. இவ்வரம்பு அதே ஆண்டில் 25 டாலராகக் குறைந்தது. காத்திருக்க விரும்பாதவர்களுக்கு எதிர்த்திசையில் ஒரு திட்டம் வேண்டும் என்று அந்நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர் ஒருவர் முன்வைத்த யோசனையே 2005 பெப்ரவரி 2 அன்று பிரைம் என்னும் பெயரில் வெளிவந்தது. அன்றைய ஆண்டுச் சந்தா 79 டாலர். இது 2014இல் 99, 2018இல் 119, 2022இல் 139 டாலராக உயர்ந்தது. உலக அளவில் உறுப்பினர் தொகை 20 கோடியைத் தாண்டிவிட்டதாக அந்நிறுவனம் 2021இல் அறிவித்தது.

இந்தியாவில் இதனை முதலில் முயன்ற பெரிய நிறுவனங்களுள் பெங்களூருவின் பிளிப்கார்ட் ஒன்று. அது 2014இல் பிளிப்கார்ட் பர்ஸ்ட் என்னும் பெயரில் ஆண்டுக்கு 500 ரூபாய்ச் சந்தாவை அறிமுகப்படுத்தியது; அத்திட்டம் நீடிக்கவில்லை. 2018 ஆகஸ்டு 15 அன்று அதே நிறுவனம் தொடங்கிய பிளிப்கார்ட் பிளஸ் திட்டத்தில் சந்தா எதுவும் இல்லை; வாங்க வாங்கச் சேரும் 'நாணயங்களே' தகுதியைத் தந்தன. பிரைம் 2016 சூலை 26 அன்று இந்தியாவுக்கு வந்தது. முதல் 60 நாட்கள் இலவசம், பின்னர் ஆண்டுக்கு 499 ரூபாய் என்பது அறிமுக விலை. 2017இன் பிற்பகுதியில் இது 999 ரூபாயாகவும், 2021 திசம்பரில் 1,499 ரூபாயாகவும் ஆனது. ஐந்தரை ஆண்டுகளில் மும்மடங்கு. 2023 ஏப்ரலில் மாதச் சந்தா 179இலிருந்து 299 ரூபாயாகவும், காலாண்டுச் சந்தா 459இலிருந்து 599 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. ஆண்டுச் சந்தா அப்போது மாற்றப்படவில்லை.

செயற்படும் முறை

விரைவு என்றவுடன் வேகமாக ஓடும் வண்டி நினைவுக்கு வருவது இயல்பு. உண்மையில் வேகத்தைத் தருவது பொருள் ஏற்கனவே எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதேயாகும். எந்தப் பகுதியில் எப்பொருள் விற்கும் என்பதைப் பழைய விற்பனைத் தரவுகளைக் கொண்டு கணித்து, வாங்குபவர் பொத்தானை அழுத்துமுன்னரே அப்பொருளை அருகிலுள்ள கிடங்குக்கு நகர்த்திவிடுகின்றனர். அங்கிருந்து பொதி பிரிப்பு நிலையத்துக்கும், பின்னர் நகர விநியோக நிலையத்துக்கும், கடைசியாக இருசக்கர வண்டியில் வீட்டு வாசலுக்கும் செல்கின்றது. இக்கடைசிப் பகுதியே செலவு மிகுந்தது.

சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 150 கி.மீ. தொலைவில் உள்ளது. எனவே சென்னைப் புறநகர்க் கிடங்கில் இருக்கும் கைப்பேசி மின்னேற்றி ஓர் இரவுக்குள் குருசுக்குப்பத்தை நெருங்கிவிட இயலும். அதே பொருள் அரியானாவிலோ மகாராட்டிரத்திலோ உள்ள கிடங்கில் மட்டும் இருந்தால், சந்தா கட்டியவருக்கும் அது மறுநாள் வந்து சேராது. மேலும், தளத்தில் உள்ள எல்லாப் பொருட்களும் திட்டத்தில் அடங்கா. வெளி விற்பனையாளர் தாமே நேரடியாக அனுப்பும் பொருட்கள் பல இதற்கு வெளியே நிற்கின்றன.

ஆகவே உறுதிமொழி நபருக்கு அளிக்கப்படுவதாகத் தோன்றினாலும், உண்மையில் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கே அளிக்கப்படுகின்றது. புதுச்சேரி ஒன்றியப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக அது நான்கு துண்டுகளாகக் கிடக்கின்றது. புதுச்சேரி நகரின் எண்கள் 605 என்றும், காரைக்காலின் எண்கள் 609 என்றும், கேரளக் கரையில் உள்ள மாகேயின் எண் 673 என்றும், ஆந்திரத்தில் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள ஏனாமின் எண் 533 என்றும் தொடங்குகின்றன. ஒரே அரசின் கீழ் வாழும் நால்வர் ஒரே சந்தாவைக் கட்டினாலும், அவர்களுக்குப் பொருள் வரும் வழிகள் நான்கு. மறுபுறம், குருசுக்குப்பத்துக்கு வடக்கே எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் உள்ள கோட்டக்குப்பமும் 605இலேயே தொடங்குவதால், அஞ்சலைப் பொறுத்தவரை அது அண்டை வீடு.

சேருமுன் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. தாம் வழக்கமாக வாங்கும் ஐந்தாறு பொருட்களைத் தளத்தில் தேடி, தம் அஞ்சல் எண்ணை இட்டு, உறுப்பினருக்கும் உறுப்பினர் அல்லாதவருக்கும் காட்டப்படும் நாட்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வேறுபாடு ஒரு நாள் மட்டுமே எனில், பணம் எதற்குக் கட்டுகிறோம் என்பது தெளிவாகும்.

வரவு செலவுக் கணக்கு

பெரும்பாலான தளங்களில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வாங்கினால் யாவருக்கும் அனுப்புகூலி இல்லை. கணக்கை எளிதாக்க, 499 ரூபாய்க்குக் குறைவான வாங்கலுக்கு மட்டும் 40 ரூபாய் கூலி எனக் கொள்வோம். (தளங்கள் இவ்வெண்களை அடிக்கடி மாற்றுவதால், வாசகர் தாம் வாங்கும் நாளில் உள்ள எண்களை இட்டுக்கொள்க.) அப்படியெனில்,

சந்தா ÷ 40 = சந்தாவை ஈடுகட்டத் தேவையான சிறு வாங்கல்களின் எண்ணிக்கை

1,499 ரூபாய்க்கு இது 38. அதாவது ஆண்டுக்கு 38 முறை, மாதத்துக்கு மூன்றுக்கு மேல், 499 ரூபாய்க்குக் குறைவாக வாங்க வேண்டும். பெரிய வாங்கல்கள் எத்தனை இருப்பினும் அவை இக்கணக்கில் சேரா. அவற்றுக்கு முன்பும் கூலி இல்லை. பலர் தவறுவது இவ்விடத்தில்தான்.

குருசுக்குப்பத்தில் ஒரு குடும்பம் ஆண்டுக்கு 60 முறை வாங்குவதாகக் கொள்வோம். துணி, பள்ளிப்பை, மின்விசிறி என 42 வாங்கல்கள் வரம்புக்கு மேற்பட்டவை. எஞ்சிய 18 சிறு வாங்கல்களுக்குக் கூலி 720 ரூபாய். 1,499 ரூபாய்ச் சந்தா கட்டினால் 779 ரூபாய் நட்டம். அதே தெருவில் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்யும் ஒருவரும் ஆண்டுக்கு 60 முறை வாங்குகிறார். ஆனால் அவர் வாங்குபவை உள்ளூரில் கிடைக்காத பின்னல் நாடாவும் பித்தானும் ஊசியும். எல்லாமே சிறு தொகை. கூலி 2,400 ரூபாய். சந்தாவைக் கழித்தால் 901 ரூபாய் மிச்சம். இதில் காலத்தின் மதிப்பு சேர்க்கப்படவில்லை. திருமணத்துக்கு முதல் நாள் வராத நாடாவுக்காக ஒரு வாடிக்கையாளரை இழந்தால் அவ்விழப்பு நாற்பது ரூபாயினால் அளக்கக்கூடியதன்று. குடும்பத்துக்கோ, கைப்பேசி உறை செவ்வாய்க்குப் பதில் வெள்ளியன்று வந்தால் இழப்பு ஒன்றுமில்லை.

அக்குடும்பத்தின் 18 சிறு வாங்கல்களையும் ஐயத்தோடு நோக்க வேண்டும். நேரு வீதிக் கடைகள் குருசுக்குப்பத்திலிருந்து மிதிவண்டியில் எளிதாகச் செல்லும் தொலைவில் உள்ளன. எழுதுகோலும் மின்கம்பியும் அங்கேயே கிடைக்கும். வேறு சில வாங்கல்களை ஒரு வாரம் தள்ளி, ஒன்றாகச் சேர்த்து வரம்பைத் தாண்டச் செய்யலாம். இவ்வாறு எட்டைக் கழித்தால் எஞ்சுவன பத்து, கூலி 400 ரூபாய்.

இதற்கு நேர்மாறான பழக்கத்தையே உறுப்புரிமை வளர்க்கின்றது. கூலி இல்லை என்றவுடன் சேர்த்து வாங்கும் வழக்கம் குறைந்து, ஒரு சவர்க்காரத்துக்கும் தனிப் பொதி வருகின்றது. ஆண்டிறுதியில் '50 முறை கூலி மிச்சம்' என்று கணக்கிடுபவர், கூலி இருந்திருந்தால் அவ்வைம்பதில் எத்தனையை வாங்கியிருப்போம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வாங்கியிருக்கமாட்டோம் என்றால் அது மிச்சம் ஆகாது, செலவு ஆகும்.

மனிதர்கள் மொத்தக் கட்டணத்தைத் தேவைக்கு மேல் விரும்புகின்றனர் என்பதைப் பொருளியலாளர்கள் தெல்லாவீனியாவும் மல்மெண்டியரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அது அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களைப் பற்றியது. மாதச் சந்தா கட்டியவர்கள், அரிதாகவே சென்றதால், ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தனர். பத்து வருகைச் சீட்டை வாங்கியிருந்தால் ஒரு வருகைக்குப் பத்து டாலரே ஆகியிருக்கும். வருங்காலத்தில் தாம் எவ்வளவு பயன்படுத்துவோம் என்பதை அவர்கள் மிகையாக மதிப்பிட்டிருந்தனர்.

சேர்த்துக் கட்டப்பட்ட சேவைகள்

இந்தியாவில் பிரைம் காணொளிச் சேவை 2016 திசம்பரிலும் இசைச் சேவை 2018இலும் சேர்க்கப்பட்டன. அதன் பின்னர், கட்டும் பணத்தில் எவ்வளவு பொதிக்கு, எவ்வளவு படத்துக்கு என்று பிரித்தறிவது கடினமாயிற்று. பின்னாளில் நிறுவனமே இதற்கு ஒரு குறிப்பைத் தந்தது. 2023 சூனில் 999 ரூபாய்க்கு அறிமுகமாகிப் பின்னர் 799 ரூபாயாகக் குறைக்கப்பட்ட பிரைம் லைட், அதன்பின் காணொளியே இல்லாமல் 399 ரூபாய்க்கு வந்த 'ஷாப்பிங் எடிஷன்' ஆகியவை வெளியாயின. ஆக, விநியோகச் சலுகைக்கு மட்டும் விற்பவரே இட்ட விலை முழுச் சந்தாவில் ஏறத்தாழக் கால் பங்கு. மேலே கண்ட குடும்பத்துக்குப் பத்து சிறு வாங்கல்களில் 400 ரூபாய் கூலி. 399 கட்டினால் மிச்சம் ஒரு ரூபாய். முழுச் சந்தா கட்டுபவர் எஞ்சிய 1,100 ரூபாயைப் படங்களுக்காகவே கட்டுகிறார் என்று கொள்வது பொருந்தும். தமிழ்ப் படங்களைத் தொடர்ந்து பார்க்கும் வீட்டில் அது நியாயமான விலையாக இருக்கலாம். ஆயினும் 2025 சூன் 17 முதல் இந்தியாவில் இக்காணொளிகளுக்கு இடையே விளம்பரங்கள் வருகின்றன. அவற்றை நீக்க ஆண்டுக்கு மேலும் 699 ரூபாய் கேட்கப்பட்டது.

தீபாவளி போன்ற பருவத்தில் மட்டும் மிகுதியாக வாங்குபவர் ஒரு மாதச் சந்தா எடுத்து நிறுத்திவிடலாம். 299 ரூபாய்க்கு அம்மாதத்தில் எட்டுச் சிறு வாங்கல்கள் போதும். நிறுத்த மறந்தால் ஆண்டுக்கு 3,588 ரூபாய்.

தானாகப் புதுப்பித்தலும் சட்டமும்

மறதியே இவ்வணிகத்தின் ஒரு வருவாய் வழி எனலாம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 சூனில் அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. வாடிக்கையாளரை உரிய இசைவின்றிப் பிரைமில் சேர்த்ததாகவும், விலகும் வழியை நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தெரிவுகள் கொண்டதாக அமைத்ததாகவும் அது குற்றஞ்சாட்டியது. அவ்வழிக்கு நிறுவனத்துக்குள் இட்ட பெயர் 'இலியட்' என்று புகாரில் கூறப்பட்டது. பத்தாண்டுப் போரைச் சார்ந்த ஓமரின் காவியத்தின் பெயர் அது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு இணக்கம் ஏற்பட்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பித் தருவதற்கு ஒதுக்கப்பட்டது.

இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிகள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன. விலகுவதைக் கடினமாக்கும் 'சந்தாப் பொறி' அவற்றுள் ஒன்று. இந்திய ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி அட்டையில் இருந்து தொடர்தவணை எடுக்குமுன் 24 மணி நேரத்துக்கு முன்னரே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் நீக்குவோரே பலர்.

முறையீட்டுக்கு 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நுகர்வோர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்கிடலாம். எனவே குருசுக்குப்பத்தில் இருப்பவர் பெங்களூருவுக்குச் செல்லத் தேவையில்லை. புதுச்சேரி மாவட்ட ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் வழக்குக் கட்டணமும் இல்லை.

விரைவு கிடைக்காத நாட்கள்

2020 மார்ச்சு மாத ஊரடங்கின் தொடக்கத்தில் அமேசான் இன்றியமையாப் பொருட்கள் தவிர்ந்த பிறவற்றுக்கு ஆணை ஏற்பதை நிறுத்திவைத்தது. பிளிப்கார்ட்டும் சிறிது காலம் சேவையை நிறுத்தியது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் 45 செ.மீ.க்கு மேல் மழை பெய்து தெருக்கள் நீரில் மூழ்கின. இத்தகைய நாட்களில் 'மறுநாள்' என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும் கடற்கரை ஊரில் இதனை விதிவிலக்காக மட்டும் கருதுவது சரியன்று.

வெள்ளத்தில் பொதியைச் சுமந்து வருபவரின் நிலை தனியாக எழுதத்தக்கது. இணையத்தள விநியோகத் தொழிலாளரைச் சட்டத்தில் பெயரிட்டுக் குறித்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்றே நடைமுறைக்கு வந்தது.

இவற்றையும் பார்க்க

மின்வணிகம்
அஞ்சல் குறியீட்டு எண்
நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்
புதுச்சேரி