பழைய மோட்டார்களும் கழலாத நட்டுகளும்

ஆங்கில யந்திர நிபுணரான ஜோஸப் விட்வொர்த், பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டுக் கிடந்த திருகு மரைகளுக்கெல்லாம் 55 டிகிரிக் கோணத்தில் ஒரே பிரமாணத்தை 1841-ஆம் வருஷத்தில் வகுத்தபோது, பெட்ரோலால் ஓடும் மோட்டார் வண்டி தோன்ற இன்னும் 44 வருஷங்கள் இருந்தன. ஆலை யந்திரங்களுக்குப் போதுமாயிருந்த அந்தப் பருமரை, குண்டும் குழியுமான சாலையில் ஓடும் வண்டிக்குச் சரிப்படவில்லை. சரிவு அதிகமான மரையில், ஓயாத அதிர்ச்சிக்கு ஆளாகும் நட் மெல்ல மெல்லப் பின்வாங்கிவிடும். ஆகவே, சரிவு குறைந்த நுண்மரை ஒன்றை 1908-இல் பிரிட்டனில் பிரமாணமாக்கினார்கள்.

அதே வருஷத்தில் அமெரிக்காவில் வெளிவந்து, 1927 வரையில் ஒன்றரைக் கோடிக்கு மேல் பெருகிய ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டியின் கனெக்டிங் ராடுகளைக் கழற்றிப் பார்த்தால் அக்காலத்து எச்சரிக்கை விளங்கும். மேல்விளிம்பில் பிளவுகள் வெட்டிய கேஸில் நட். போல்ட்டின் குறுக்கே ஒரு துவாரம். இரண்டையும் ஊடுருவிச் சென்று, நுனிகள் விரித்து மடக்கப்பட்ட ஸ்ப்ளிட் பின். இந்தப் பின் நட்டின் இறுக்கத்தைக் காப்பதில்லை; இறுக்கம் போன பின்னும் நட் கழன்று விழாமல் தடுக்கிறது, அவ்வளவே. ஆயினும் என்ஜினின் உள்ளே அந்த ‘அவ்வளவே’ சாமானியமானதன்று.

ஸ்பிரிங் வாஷருக்குக் கிடைத்த கியாதிதான் எனக்கு விளங்காதது. நட்டை உரிய அளவு முறுக்கியவுடன் தட்டையாகிவிடும் அந்த வளையம், அதன்பின் சாதாரண வாஷருக்கு மேல் என்ன சாதிக்கிறது? ஜெர்மானியப் பொறியியலாளரான கெர்ஹார்டு யுங்கர், 1969-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நட்டைக் கழலச் செய்வது முக்கியமாக இணைப்பின் குறுக்கே நேரும் வழுக்கலே என்று பரிசோதனையால் காட்டினார். தக்கபடி முறுக்கப்பட்ட போல்ட், இழுத்த வில் நாணைப் போல விறைத்து நின்று, இரு பாகங்களையும் வழுக்கவிடாமல் நெருக்கிப் பிடிக்கிறது. காவல் அந்த விறைப்பில் இருக்கிறதேயன்றி வாஷரில் இல்லை.

இவையனைத்திலும் என்னை வியக்கவைப்பது, ரட்ஜ்-விட்வொர்த் கம்பெனியார் பிரசித்தப்படுத்தி, பிற்காலத்து எம்.ஜி., ஜாகுவார் வண்டிகள் வரையில் நிலைத்த ஒற்றை நட்டுச் சக்கரந்தான். இரு காதுகள் உள்ள அந்த நட்டைச் செப்புச் சுத்தியலால் தட்டியே இறுக்குவார்கள். வண்டியின் இடப்புறத்தில் வலமரையும் வலப்புறத்தில் இடமரையும் வைத்தார்கள். அதாவது, சக்கரம் முன்னோக்கி உருளும் திசையிலேயே நட் கழலும்! விபரீதமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் யாதெனில், சக்கரத்தின் கூம்பைக் கவிந்திருக்கும் நட்டின் உட்கூம்பு மயிரிழையளவு பெரிதாகையால், வண்டியின் பாரம் அழுத்த அழுத்த, நட் அக்கூம்பின்மேல் உருண்டு, சக்கரத்துக்கு எதிர்த்திசையில் சிறிது சிறிதாக நகர்ந்து தானே இறுகிக்கொள்கிறது. நட்டின் கூம்பு சக்கரத்துக்குள் அமரும் வகையிலோ நியாயம் நேர்மாறு. நெடுங்காலம் கிறைஸ்லர் வண்டிகளின் இடப்புறச் சக்கர நட்டுகள் இடமரையாகவே இருந்தன. ஹப்புகளை இடம் வலம் மாற்றிப் பூட்டினால், இறுக்கிய அதே சக்தி கழற்றிவிடும்.

பிற்பாடு நட்டின் உள்ளே ஃபைபர் வளையமும், அதன்பின் நைலான் வளையமும் வந்தன. ஹார்ட்ஃபோர்டு நகரத்து டிரினிட்டி கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராயிருந்த வெர்னன் கிரீபிள், காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாயிருந்து, மரைகளுக்கிடையில் காற்றற்று உலோகத்தைத் தொட்டிருக்கையில் கெட்டிப்படும் பசையை 1953-இல் கண்டறிந்தார். லாக்டைட் என்று இன்று பட்டறைகளில் வழங்குவது அதுவே.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: கழற்றிய ஸ்ப்ளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், புதிதே போடுங்கள். கனெக்டிங் ராடில் பிளவும் துவாரமும் நேர்ப்படாவிட்டால், நட்டைத் தளர்த்தி நேர்ப்படுத்தாமல், அனுமதித்த முறுக்கின் எல்லைக்குள் முன்னே திருப்புங்கள். அப்போதும் கூடாவிட்டால் வேறு நட்டைப் போட்டுப் பாருங்கள்.