மரணம் நடந்த வீட்டில் குடியேறலாமா? 'யார் இறந்தார்' என்பதை விட 'எப்படி இறந்தார்' என்று கேளுங்கள்!

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்கள். தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் இருக்கா, அட்வான்ஸ் எவ்வளவு... எல்லாம் கேட்டாச்சு. கடைசியாக ஒரு கேள்வி மட்டும் வாய் வரை வந்து நின்றுவிடும். "இந்த வீட்டுல யாராச்சும் இறந்திருக்காங்களா?"

புரோக்கரிடம் கேட்டால் மழுப்புவார். எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் முழு வரலாறும் வந்துவிடும்.

சென்னையிலோ கோவையிலோ என்றால் பிரச்சனை இல்லை. மனசுக்குப் பிடிக்கலைன்னா அடுத்த தெருவில் வேறு வீடு பார்க்கலாம். ஆனால் கிளென்மார்கனில்?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில், பைக்காரா பக்கம் இருக்கிறது இந்த ஊர். ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம். இன்னொரு பக்கம் மின்வாரியத்தின் நீர்த்தேக்கம். இங்கிருந்துதான் தண்ணீர் ராட்சதக் குழாய்களில் இறங்கி, மலையடிவாரத்தில் உள்ள சிங்காரா மின் நிலையத்துக்குப் போகிறது. 1932-ல் மின் உற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா திட்டத்தின் ஒரு கண்ணி இந்த ஊர்.

தோட்டமானாலும் சரி, மின்வாரியமானாலும் சரி, வேலையோடு சேர்ந்துதான் வீடு வரும். ஒருவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ அந்த வீடு இன்னொருவருக்குப் போகும். குறிப்பாக, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், பொதுச் சுவர், முன்னால் சின்னத் திண்ணை. பாட்டி பிரசவித்த அறையிலேயே தாத்தா கண்ணை மூடியிருப்பார். அடுத்த வாரம் அதே அறையில் பேரப்பிள்ளை உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வேண்டும். வேறு அறை இல்லை. மரணம் நடக்காத லயன் வீடாகப் பார்த்துத்தான் போவேன் என்று யாராவது சொன்னால், அவர் தோட்டத்துக்குப் புதுசு என்று அர்த்தம்.

அடைப்பு என்றால் என்ன?

தமிழ்நாட்டில் இந்தப் பயத்துக்குப் பஞ்சாங்கத்திலேயே ஒரு பெயர் உண்டு. அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அது 'தனிஷ்டா பஞ்சமி'. பேச்சு வழக்கில் 'அடைப்பு'. உயிர் பிரிந்த இடத்தை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. ரோகிணிக்கு நான்கு மாதம், கார்த்திகை, உத்திரத்துக்கு மூன்று மாதம் என்று அது குறைந்துகொண்டே வரும். பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சின்னச் சின்ன வித்தியாசங்களும் உண்டு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முற்றம், தாழ்வாரம், பின்கட்டு என்று நீளும் பெரிய வீட்டுக்குத்தான் இந்த விதி பொருந்தும். ஓர் அறையைப் பூட்டினாலும் மிச்ச வீட்டில் வாழ்க்கை ஓடும். ஒற்றை அறை வீட்டை ஆறு மாதம் பூட்டினால் குடும்பம் எங்கே போய்ப் படுக்கும்? அதனால் வசதியில்லாத வீடுகளில் சடங்கு தானாகவே சுருங்கிவிட்டது. இறந்தவர் படுத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைப்பார்கள். பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டு, வழக்கம்போல அங்கேயே பாய் விரிப்பார்கள்.

மலையின் பூர்வகுடிகள் இதை வேறு மாதிரி கையாண்டார்கள். தோடர்களின் இறுதிச் சடங்குக்கென்று தனி இடமும், அங்கே தனிக் குடிசையும் உண்டு என்று மானுடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் வெளியான 'தி தோடாஸ்' நூலில் பதிவு செய்திருக்கிறார். படுகர்கள் உடலை வெளியே கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி, இறந்தவரின் பாவங்களை ஊர் முன்னால் வரிசையாகச் சொல்லி மன்னிப்பு வேண்டுவார்கள். ரெண்டு வழக்கத்திலும் சாவு வீட்டைவிட்டு வெளியே வந்து ஊர்ப் பொதுவாகிவிடுகிறது.

உரிமையாளர் சொல்லியே ஆக வேண்டுமா?

சட்டத்தில் நேரடியான பதில் இல்லை. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு, விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைபாடு எதுவும் இருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. ஆனால் மரணம் ஒரு 'குறைபாடு' என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டமும் இதைப் பற்றிப் பேசவில்லை.

வெளிநாடுகளில் கொஞ்சம் தெளிவு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வீட்டில் மரணம் நடந்திருந்தால் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். ஜப்பானில் கொலை, தற்கொலை நடந்த வீடுகளுக்கென்றே தனிப் பெயர் இருக்கிறது, 'ஜிகோ புக்கென்'. இந்த வீடுகளுக்கு வாடகை குறைவாகவே கிடைக்கும். 2021-ல் அந்நாட்டு அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதுமையிலோ நோயிலோ நடந்த இயல்பான மரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தற்கொலை, கொலை என்றால் வாடகைக்கு விடும்போது சுமார் மூன்று ஆண்டுகள் வரை சொல்ல வேண்டும். முதியவர்களுக்கு வீடு கொடுக்கவே உரிமையாளர்கள் தயங்கியதும் இந்த வழிகாட்டுதலுக்கு ஒரு காரணம். 'இங்கேயே இறந்துட்டா என்ன பண்றது' என்ற பயம் நம்ம ஊர் ஹவுஸ் ஓனருக்கு மட்டும் இல்லை.

அப்போ எதைத்தான் கேட்பது?

பேய் பயத்தை ஒரு பக்கம் வையுங்கள். நீலகிரியில் வீடு பார்ப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வி, முன்னால் இருந்தவர் எப்படி இறந்தார் என்பதுதான். ஏனென்றால், சில மரணங்களுக்கு அந்த வீடே காரணமாக இருக்கும். அந்தக் காரணம் இன்னும் அங்கேயே இருக்கலாம்.

முதல் ஆபத்து, கரி அடுப்பு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டி வட்டாரத்தில் உறைபனி. குளிர் தாங்காமல் அடுப்புக் கரியை மூட்டி அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. காலையில் எழுந்திருக்காத சம்பவங்கள் நீலகிரியில் குளிர்கால செய்தியாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலைக்கு வந்த தொழிலாளர்களும் சிக்கியிருக்கிறார்கள், சுற்றுலா வந்தவர்களும் சிக்கியிருக்கிறார்கள்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், குமட்டல். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு இது எதுவுமே தெரியாது. 'புகை அடங்கிடுச்சு, இனி ஒண்ணும் ஆகாது' என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. புகை இல்லாமல் சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்தும் இந்த வாயு வரும். அப்படி ஒரு மரணம் நடந்த அறை என்று தெரிந்தால், சாம்பிராணி போடுவதற்கு முன்னால் ஜன்னல் திறக்கிறதா, காற்றுப்போக்கிக்குத் துணி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவைத் திறந்து அவரை வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது, மண். 2009 நவம்பரில் பெய்த பேய் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. அன்று பலர் இறந்தது வீட்டுக்குள் இருந்தபோதுதான். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் மேடு, அதில் புதிதாகக் கசியும் ஊற்று, சாயும் மரம், சுவரில் விரியும் வெடிப்பு... இதெல்லாம் கண்ணில் பட்டால் வாடகை குறைவு என்று சந்தோஷப்பட வேண்டாம்.

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து விழுந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால், நிர்வாகம் இழப்பீடு தர வேண்டும். 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981-ல் சேர்க்கப்பட்ட இந்தப் பிரிவு, 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு நிபந்தனை: குடியிருப்பவரின் தவறோ இயற்கைப் பேரிடரோ மட்டுமே இடிந்ததற்குக் காரணமாக இருக்கக் கூடாது. மழைக்காலத்தில் இடியும் சுவரைப் பொறுத்தவரை, வழக்கு அந்த ஒரு வரியில்தான் தொங்கும். அதனால் வெடிப்பு தெரிந்த அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நோய் பயம்? முதுமை, மாரடைப்பு, புற்றுநோய் என்றால் அந்த வீட்டில் குடியேறுபவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. காசநோய் என்றால் அது நோயாளியின் இருமல் வழியாகக் காற்றில் பரவுவது, சுவரில் தங்குவது இல்லை. ஜன்னலைத் திறந்து வெயிலும் காற்றும் வரவிட்டால் போதும். அவரோடு ஒன்றாக வசித்தவர்கள்தான் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இறந்தவரின் குடும்பத்துக்கு வீடு என்ன ஆகும்?

சாதாரண வாடகை வீடு என்றால், வாடகைதாரர் இறந்த மறுநாளே 'காலி பண்ணுங்க' என்று சொல்ல முடியாது. கூடவே வசித்த கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோர் ஒப்பந்தத்தின் மீதிக் காலம் வரை அங்கேயே இருக்க 2017 சட்டம் இடம் தருகிறது.

லயன் வீட்டில் நிலைமை கடினம். அங்கே வீடு வேலையோடு கட்டப்பட்டது. குடும்பத்தில் இன்னொருவர் தோட்ட வேலையில் இருந்தால் பிரச்சனை இல்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், தனியாக நிற்கும் அம்மாவுக்கு இரண்டு இழப்பு சேர்ந்து வரும். மாஞ்சோலையில் 1929-ல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028-ல் முடிவதை ஒட்டி, 2024-ல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற வேண்டிய நிலை வந்தபோது, பல குடும்பங்களுக்கு அது நான்கு தலைமுறை பிறந்து இறந்த வீடு. மரணம் நடந்த வீட்டில் எப்படி இருப்பது என்று நாம் கேட்கிறோம். அவர்கள் அந்த வீட்டை விட்டு எப்படிப் போவது என்று கேட்டார்கள்.

துக்கத்தில் பலரும் தள்ளிப்போடும் வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் நடந்த மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சாதாரண வீட்டில் அது குடும்பத் தலைவரின் பொறுப்பு. தோட்டத்தில் அப்படி இல்லை. 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி, பதிவாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டியவர் தோட்டத்தின் கண்காணிப்பாளர். குடும்பத்தினர் விவரங்களை அவரிடம் தர வேண்டும். பணிக்கொடை, பி.எஃப்., குடும்ப ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ்தான் முதல் காகிதம். பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற விதி, வேலையில் இருக்கும்போதே இறந்தவருக்குப் பொருந்தாது. 'அவர் ரெண்டு வருஷம்தானே வேலை செஞ்சார்' என்று ஆபீசில் சொன்னால், அப்படியே திரும்பி வந்துவிட வேண்டாம்.