வெளிநாட்டு வக்கீல்கள் வந்தார்கள். சாதி எங்கே போனது?

எங்கள் திருச்சுழி, நரிக்குடி பக்கத்தில் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகிற குடும்பங்களிடம் எப்போது ஊர் திரும்புவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அட்வான்ஸ் கழியணும்" என்பார்கள். இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'நவீன அடிமைத்தனம்'. இதில் நவீனம் எது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று 1843லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பண்ணையாளின் கடன் அப்படியே இருந்தது. 1880, 90களில் செங்கல்பட்டுப் பகுதிச் சேரி மக்கள் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்களைத் தேடிப் போனார்கள். வேதம் கேட்க மட்டுமல்ல, மிராசுதாருக்கு எதிராக மனு எழுத ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான். ரூபா விஸ்வநாத் தன் ஆய்வில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். எங்கள் வறண்ட பூமியிலும் மண்டபசாலையில் அமெரிக்கன் மதுரை மிஷன் நிலையம் இருந்தது.

அந்த நெருக்கடியில் 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பிறகு நடந்தது நமக்குத் தெரியும். நிலம் கைமாறியது. அதை மீட்கப் போராடியதில் 1994இல் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் சிராஜ் சேட்டும் பெலிக்ஸ் சுகிர்தராஜும் 1995இல் தமிழகத்தில் 10 லட்சத்துக்கும் அதிகமான கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை தந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடியினரும்தான். கணக்கு எடுத்தவர்கள் நம்மூர்க்காரர்கள்.

1997இல் அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய கேரி ஹாகன் ஒரு வழக்கறிஞர். ருவாண்டா இனப்படுகொலை குறித்த ஐ.நா. விசாரணையில் வேலை செய்தவர். அதன் சென்னை அலுவலகத்துக்கு வெளிநாடுகளிலிருந்து கிறித்தவச் சட்டப் பட்டதாரிகள் தன்னார்வலர்களாக வந்தார்கள். நம் நீதிமன்றத்தில் அவர்கள் வாதாட முடியாது. இதைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஏ.கே.பாலாஜி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. எனவே ஆவணம் தயாரிப்பது, சட்டம் ஆராய்வதுதான் அவர்கள் வேலை. வழக்கு நடத்துவது உள்ளூர் வக்கீல். விடுதலைச் சான்று தருவது கோட்டாட்சியர்.

இந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. 2011இல் திருவள்ளூர் மாவட்டச் சூளை ஒன்றிலிருந்து 500 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். தூங்கிக் கிடந்த சட்டத்தை அதிகாரிகளின் மேசைக்குக் கொண்டுவந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

என் கேள்வி வேறு. 1976 சட்டத்தின் 2ஆம் பிரிவை எடுத்துப் படியுங்கள். முன்பணத்துக்காக உழைப்பது மட்டுமல்ல, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தால் உழைக்க வைப்பதும் கொத்தடிமை முறை என்கிறது. ஆனால் வழக்குக் கட்டுகளில் முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தது, கூலி எவ்வளவு என்பதோடு கதை முடிகிறது. அந்த முன்பணத்தை வாங்காமல் வாழ நிலம் ஏன் இல்லை என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

மறுவாழ்வுத் திட்டப்படி 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை உண்டு. முழுத்தொகை வேண்டுமானால் முதலாளிக்குத் தண்டனை கிடைக்க வேண்டும். வழக்கு இழுக்க இழுக்க, மீட்கப்பட்டவர் அடுத்த அட்வான்சுக்குக் கை நீட்டுகிறார். 1892இல் பட்டா, இன்று விடுதலைச் சான்று. இரண்டும் நல்ல காகிதங்கள்தான்.

வடமாவட்டங்களில் மீட்கப்பட்டவர்கள் தாங்களே சங்கம் வைத்து, மற்றவர்களை மீட்கப் போகிறார்கள். எனக்கு நம்பிக்கை தருவது அதுதான். தன்னார்வலர் ஓராண்டில் ஊர் திரும்பிவிடுவார். சங்கம் இங்கேயே இருக்கும். திருச்சுழிக்கும் அப்படி ஒரு சங்கம் வேண்டும். அதன் முதல் கோரிக்கை நிலமாக இருக்க வேண்டும்.